பாம்பின் கால் அறிந்தவர்கள்

ஏரிக்கரை உயிர்கள் – 17

சென்ற வாரம் சென்னை கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில் விட்டோம். 1937-இல் ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்துக்குக் குடிவந்த கல்லூரி, 365 ஏக்கர் முட்புதர்க் காடு, வேதியியல் பாடம் நடத்திக்கொண்டே அந்தக் காட்டில் மரம் நட்டு வளர்த்த பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸ், அவருடன் நின்ற மனைவி ஆலிஸ் பார்ன்ஸ். இந்த மண்ணில் எந்தச் செடி எங்கே வேர்பிடிக்கும் என்று படித்தவர்கள் அவர்கள். இந்த வாரம், இதே மண்ணில் எந்த வளையில் எது குடியிருக்கிறது என்று படித்தவர்களிடம் போகிறோம். தூரம் அதிகமில்லை. கல்லூரி விடுதிகளில் ஒன்றுக்கே சேலையூர் ஹால் என்றுதான் பெயர். அந்தப் பெயரைக் கொடுத்த ஊர் மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

இன்றைக்குக் கேம்ப் ரோடு சந்திப்பில் வண்டியை நிறுத்தி, 'சென்னைப் பாம்புப் பண்ணை எங்கே பிறந்தது?' என்று யாரைக் கேட்டாலும், 'கிண்டியில்' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். கேள்வி கேட்ட இடத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில்தான் அது பிறந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1960-களின் கடைசியில் சேலையூர் ஒரு கிராமம். ஏரி, ஏரிக்குக் கீழே நெல் வயல், வரப்போரம் பனை. நெல் இருந்ததால் எலி இருந்தது. எலி இருந்ததால் பாம்பு இருந்தது. எலியும் பாம்பும் இருந்ததால் இருளர்கள் இருந்தார்கள்.

பள்ளிக்கூடத்தில் இதற்கு உணவுச் சங்கிலி என்று பெயர். புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, பருந்து என்று அம்புக்குறி போட்டுப் படம் வரைவோம். அந்தப் படத்தில் மனிதனை எங்கே வைப்பது என்று யாரும் சொல்லித்தந்ததில்லை. செங்கல்பட்டு வட்டாரத்து இருளர் அந்தச் சங்கிலியின் நடுக்கண்ணியிலேயே உட்கார்ந்திருந்தார். எலி வளையை வெட்டி எலியையும் பிடித்தார், எலி சேர்த்துவைத்த நெல்லையும் எடுத்தார், அதே வளையில் பாம்பு இருந்தால் அதையும் விடவில்லை.

வளையின் வாசலில்

இருளர்களைப் பாம்பாட்டி என்று நினைப்பவர்கள் உண்டு. மகுடி ஊதிக் கூடையைத் திறந்து காசு கேட்பது பாம்பாட்டியின் தொழில். இருளர் வேட்டைக்காரர். அவர் கையில் இருப்பது ஒரு கடப்பாரை, தோளில் ஒரு துணிப்பை. வேலையில் பாதியைக் கண்ணே செய்து முடித்துவிடும்.

வரப்பில் ஒரு வளை தெரிகிறது. நமக்கு அது ஓட்டை. அவருக்கு அது வீடு. வாசலைப் பார்த்தே உள்ளே ஆள் இருக்கிறதா என்று சொல்லிவிடுவார். வாயில் சிலந்தி வலை கட்டியிருந்தால் சில நாளாக யாரும் போய்வரவில்லை. ஈரமண் புதிதாகத் தள்ளிக் கிடந்தால் எலி இருக்கிறது. விளிம்பு மண் வழவழவென்று தேய்ந்திருந்தால், கால் இல்லாத ஒன்று அடிக்கடி உரசிக்கொண்டு போகிறது. பக்கத்துப் புல்லில் சட்டை உரித்த துண்டு கிடந்தால் அதை எடுத்து விரித்து, செதிலின் அளவையும் அமைப்பையும் பார்த்து எந்தப் பாம்பு என்பதைச் சொல்வார். எச்சத்தைப் பார்த்தால் எப்போது தின்றது என்பதும் ஓரளவு தெரியும். அதன் பிறகுதான் கடப்பாரை மண்ணைத் தொடும்.

'பாம்பின் கால் பாம்பறியும்' என்பது நம் ஊர்ப் பழமொழி. பாம்புக்குக் கால் கிடையாது என்பதால் அது வெறும் பேச்சு என்று நினைக்கிறோம். மலைப்பாம்பைப் பிடித்துப் புரட்டிப் பார்த்தவர்களுக்கு வேறு சேதி தெரியும். மலத்துவாரத்துக்கு இரு புறமும் நகம்போல இரண்டு முட்கள் நீட்டிக்கொண்டிருக்கும். பாம்பின் மூதாதைக்கு இருந்த பின்னங்கால்களின் மிச்சம் அது. உள்ளே இடுப்பெலும்பின் துணுக்கும் உண்டு. பரிணாமம் என்ற பெரிய பாடத்தின் சின்னச் சாட்சி. பாம்பின் காலைப் பாம்புக்கு அடுத்தபடியாக அறிந்தவர் இருளர்தான்.

இவ்வளவு தெரிந்தவர்களிடம் ஊர் எதை விலைக்கு வாங்கியது என்பதுதான் இந்த வாரக் கதை. முதலில் தோலை வாங்கியது. பிறகு வேடிக்கையை. கடைசியில் நஞ்சை.

முதலில் தோல்

அந்தக் காலத்தில் பாம்புத் தோலுக்கு உலகச் சந்தை இருந்தது. ஐரோப்பிய, அமெரிக்கக் கடைகளில் கைப்பை, செருப்பு, இடுப்புப் பட்டை. அதற்கான தோல் இந்தியாவிலிருந்து லட்சக்கணக்கில் கப்பலேறியது. சென்னை அந்த வியாபாரத்தின் முக்கியத் துறைகளில் ஒன்று. சாரை, நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், மலைப்பாம்பு என்று எல்லாவற்றுக்கும் விலை இருந்தது. பிடிப்பவர் இருளர், உரித்த தோலைத் தரகர் வாங்குவார், தரகரிடமிருந்து ஏற்றுமதிக்காரர். லாபம் மேலே ஏறஏற வளர்ந்தது. வளைக்குள் கைவிட்டவருக்குச் சில்லறைதான்.

சாரைப்பாம்பு செத்ததன் கணக்கு வேறொரு இடத்தில் தெரிந்தது. வளர்ந்த சாரை எலியைத் தேடித் தேடித் தின்னும். வளைக்குள்ளேயே புகுந்து குட்டிகளையும் தின்னும். பூனை நுழைய முடியாத இடம் அது. எலியோ சில வாரத்துக்கு ஒருமுறை குட்டி போடும். அந்தக் குட்டிகள் மூன்று மாதத்துக்குள் தாமே குட்டி போடும். தோலுக்காகச் சாரையைக் கொன்ற ஒவ்வொரு முறையும் விவசாயியின் களத்திலிருந்து கொஞ்சம் நெல் எலிக்குப் போனது. கைப்பையின் விலையில் அந்த நெல்லை யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை.

வந்து சேர்ந்த ஆள்

இந்தச் சமயத்தில்தான் ராமுலஸ் விட்டேக்கர் இங்கே வந்து சேர்ந்தார். 1943-இல் நியூயார்க்கில் பிறந்தவர். தாய் டோரிஸ் நார்டென் மறுமணம் செய்துகொண்டது ராமா சட்டோபாத்யாயவை. ராமா, விடுதலைப் போராளி கமலாதேவி சட்டோபாத்யாயவின் மகன். அந்த வகையில் 1951-இல் சிறுவனாக இந்தியா வந்து, கொடைக்கானலில் படித்தார். கல்லூரிப் படிப்புக்காக அமெரிக்கா போனவருக்கு வகுப்பறை ஒட்டவில்லை. மயாமியில் பில் ஹாஸ்ட் என்பவர் நடத்திய பாம்புக் காட்சிசாலையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். அந்த ஹாஸ்ட் ஒரு தனிப் பிறவி. பாம்பு நஞ்சைத் துளித்துளியாகத் தன் உடம்பில் ஏற்றிக்கொண்டவர். எத்தனையோ கடி வாங்கியும் 100 வயது வாழ்ந்து 2011-இல் இறந்தார். பாம்பைக் கையாளவும் நஞ்சு எடுக்கவும் விட்டேக்கர் கற்றது அவரிடம்.

1967-இல் இந்தியா திரும்பிய விட்டேக்கர், பாம்பைத் தேடிச் சென்னைப் பக்கம் வந்தபோது இருளர்களைச் சந்தித்தார். மயாமியில் கற்றதெல்லாம் பாம்பு கைக்கு வந்த பிறகு செய்கிற வேலை. பாம்பை மண்ணுக்குள்ளிருந்து கண்டுபிடிக்கிற வேலையை இவர்களிடம்தான் பார்த்தார். ஊரை மாற்றிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார். 1975-இல் இந்தியக் குடியுரிமையும் பெற்றார்.

சேலையூரில் சின்ன அளவில் ஒரு பாம்புப் பண்ணை தொடங்கியது. கூண்டுகள், குழிகள், உள்ளே பாம்புகள், பார்க்க வருபவர்களுக்கு அனுமதிச் சீட்டு. பாம்பு பிடித்துக் கொடுத்தவர்கள் இருளர்கள், பராமரித்தவர்களும் அவர்களே. தோலுக்குப் பிறகு ஊர் அவர்களிடம் இரண்டாவது சரக்கை வாங்கத் தொடங்கியது. இந்த முறை பாம்பு உயிரோடு இருந்தது.

குழியோரப் பாடம்

தாம்பரம் அன்றைக்கு நகரத்துக்கு வெளியே. கூட்டம் வர வேண்டுமென்றால் நகரத்துக்குள் போக வேண்டும். வனத்துறை கிண்டி மான் பூங்காவின் ஓரத்தில் ஏறக்குறைய ஓர் ஏக்கர் இடம் கொடுத்தது. 1972-இல் பாம்புப் பண்ணை அங்கே போய்ச் சேர்ந்தது. சிறுவர் பூங்காவுக்குப் பக்கத்திலேயே என்பதால் பள்ளிச் சுற்றுலாவில் இரண்டும் ஒன்றாகவே வந்துவிடும். தென்சென்னைப் பிள்ளைகள் பல தலைமுறையாக விலங்கியலின் முதல் பாடத்தைக் குழியின் சுவரில் முழங்கையை ஊன்றி நின்று கேட்டார்கள்.

பாடம் எளிமையானது. அதுவரை கேட்ட கதைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிவைக்கிற பாடம்.

பாம்பு மகுடிக்கு ஆடுமா? பாம்புக்கு வெளிக்காது கிடையாது, செவிப்பறையும் கிடையாது. உள்காது இருக்கிறது, அது தாடையெலும்போடு இணைந்திருக்கிறது. தாடை தரையில் படிந்திருக்கும்போது நிலத்தின் அதிர்வு எலும்பு வழியே உள்காதுக்குப் போகும். காற்றில் வரும் தாழ்ந்த ஒலியும் ஓரளவு எட்டும். மகுடியின் ராகத்தை ரசிக்கிற அளவுக்கு அங்கே ஏற்பாடு இல்லை. படமெடுத்த நல்ல பாம்பு தன் முன்னால் அசைகிற மகுடியையும் முழங்காலையும்தான் பார்த்துக்கொண்டு ஆடுகிறது. ஊதாமல் வெறும் கையை ஆட்டினாலும் ஆடும்.

நாக்கை ஏன் நீட்டிக்கொண்டே இருக்கிறது? மோப்பம் பிடிக்க. காற்றிலும் தரையிலும் இருக்கும் வாசனைத் துகளை நாக்கு ஒற்றியெடுத்து வாய்க்குள் கொண்டுபோகும். மேலண்ணத்தில் அதற்கென்றே ஓர் உறுப்பு இருக்கிறது. நாக்கு இரண்டாகப் பிளந்திருப்பதால் இடது பக்கம் வாசனை அதிகமா, வலது பக்கம் அதிகமா என்பது தெரிந்துவிடும். எலி எந்தப் பக்கம் போனது என்று பார்க்க அது போதும்.

பால் குடிக்குமா? தண்ணீர் காணாமல் நாள்கணக்கில் வாடிய பாம்பு எதை வைத்தாலும் குடிக்கும். பாலூட்டி இனத்தில் பிறக்காத உயிருக்குப் பாலைச் செரிக்க என்ன தேவை வந்தது? புற்றில் ஊற்றிய பாலால் வளர்வது எறும்புக் கூட்டம்தான்.

தன் தலையைவிடப் பெரிய எலியை எப்படி விழுங்குகிறது? நம் கீழ்த்தாடை முகவாயில் ஒரே எலும்பாகச் சேர்ந்திருக்கிறது. பாம்புக்கு அது சேரவில்லை. நடுவில் இழுபடும் தசைநார்தான். இடது பக்கத் தாடை ஓர் அடி முன்னே, பிறகு வலது பக்கம், மறுபடி இடது. எலி உள்ளே போகிறது என்று சொல்வதைவிடப் பாம்பு எலியின் மேல் ஏறி நடக்கிறது என்று சொல்லலாம்.

மனித முதுகுத்தண்டில் முள்ளெலும்புகள் 33. பாம்புக்கு இனத்தைப் பொறுத்து 200 முதல் 400 வரை. நெஞ்சு எங்கே முடிகிறது, வால் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத அந்த ஒல்லிக் குழாய்க்குள் இரண்டு நுரையீரலுக்கு இடமில்லை. இடதுபுறத்தது பெரும்பாலும் சுருங்கிப்போயிற்று. வலதுபுறத்தது நீண்டு கிடக்கிறது. சிறுநீரகங்கள்கூட அக்கம்பக்கமாக இல்லாமல் முன்னும் பின்னுமாகத் தள்ளி இருக்கின்றன. ஒண்டுக் குடித்தனத்தில் சாமான்களை ஒழுங்குபடுத்தும் கலை அங்கே தெரியும்.

பதினைந்து நிமிடப் பாடம். பாம்பை வணங்கிப் பயந்த ஊருக்கும், அடித்துப் பயந்த ஊருக்கும், அது பசியும் குளிரும் உள்ள ஒரு விலங்கு என்று முதலில் சொன்ன பாடம். அதைக் கூட்டத்துக்குக் காட்டியவர்களில் பலர் பள்ளிக்கூடத்துப் பக்கம் போகாதவர்கள்.

இந்த இடத்தில் இருநூறு ஆண்டு பின்னே போய்வர வேண்டும். பாட்ரிக் ரஸ்ஸல் என்ற மருத்துவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கை ஆய்வாளராக விசாகப்பட்டினத்தில் இருந்தார். எந்தப் பாம்பு நஞ்சுள்ளது, எது இல்லாதது என்று பிரித்தறிய வேண்டும் என்பது அவர் எடுத்துக்கொண்ட வேலை. சோழமண்டலக் கடற்கரையின் பாம்புகளைத் திரட்டி, படம் வரைவித்து, 1796-இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். ஊர்மக்கள் சொன்ன தெலுங்குப் பெயர்களையும் அதில் குறித்துவைத்தார். நம் கண்ணாடி விரியனை உலகம் இன்று ரஸ்ஸல்ஸ் வைப்பர் என்று அழைப்பது அவர் பெயரால்தான். பாம்பைக் கொண்டுவந்து கொடுத்தவர்களின் பெயர் எந்தப் பாம்புக்கும் ஒட்டவில்லை. அதே பழக்கம் நம் காலம்வரை தொடர்ந்தது.

மூன்றாவதாக நஞ்சு

1972-இல் கிண்டியில் பண்ணை திறந்தது. அதே ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. சில ஆண்டுகளில் பாம்புத் தோல் ஏற்றுமதிக்கும் தடை விழுந்தது. பாம்புக்கு நல்ல காலம். இருளருக்கு? நேற்றுவரை பிழைப்பாக இருந்தது இன்றைக்குக் குற்றம். காட்டைக் காக்கும் சட்டம் காட்டை அறிந்தவரின் அடுப்பை அணைத்துவிட்டது. பண்ணையில் வேலை கிடைத்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். மற்றவர்கள் செங்கல் சூளைக்கும் அரிசி ஆலைக்கும் கூலிக்குப் போனார்கள். முன்பணம் வாங்கிக் கொத்தடிமையாய்ச் சிக்கிக்கொண்டவர்களும் உண்டு.

வழி ஒன்று பாம்பின் வாயிலேயே இருந்தது. பாம்புக்கடிக்கு ஒரே மருந்து எதிர்நஞ்சு. எதிர்நஞ்சு செய்ய நஞ்சு வேண்டும். பாம்பைக் கொல்லாமல் நஞ்சை எடுக்கலாம். எடுத்துவிட்டுப் பாம்பைத் திருப்பி விடலாம். 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் பதிவானது. மாமல்லபுரம் போகும் வழியில், கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்து வடநெம்மேலியில், முதலைப் பண்ணை வளாகத்துக்குள் அதற்கு இடம்.

நான்கு பாம்புகளுக்கு மட்டும் அனுமதி. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இந்தியாவில் 300-க்கு மேல் பாம்பினங்கள் உண்டு. நஞ்சுள்ளவை 60 வாக்கில். அவற்றில் மனிதர்களை அதிகம் கொல்வதாகக் கணக்கில் வருபவை இந்த நான்கும். ஆண்டுக்கு எத்தனை பிடிக்கலாம் என்பதை வனத்துறை சொல்லும்.

அங்கே போனால் முதலில் கண்ணில் படுவது பானை. நாம் தண்ணீர் வைக்கிற அதே மண்பானை. அடியில் கொஞ்சம் மணல், உள்ளே பாம்பு, வாயில் காற்றோட்டமான துணியைக் கட்டி முடிச்சு. நஞ்செடுப்பவர் முடிச்சை அவிழ்த்து, நீண்ட கொக்கியால் பாம்பைத் தூக்கி வெளியே விடுவார். ஓடவிட்டு, வாலைப் பிடித்து நிறுத்தி, தலையின் பின்னால் மெல்ல அழுத்தி, இரண்டு விரலுக்கிடையில் பிடிப்பார். எதிரே ஒரு கண்ணாடிக் குவளை. வாயில் மெல்லிய சவ்வு இழுத்துக் கட்டியிருக்கும். பாம்பு அதைக் கடிக்கும். பல் சவ்வைத் துளைத்து உள்ளே இறங்க, குவளையின் சுவரில் தேன்போல மஞ்சளாய் ஒரு துளி வழியும். அவ்வளவுதான். நமக்கு மூச்சு நின்றிருக்கும். அவருக்கு அது அன்றைய வேலையில் ஒன்று.

ஒரு பாம்பிடம் வாரத்துக்கு ஒருமுறையாக ஏறக்குறைய நான்கு முறை நஞ்செடுப்பார்கள். நஞ்சு என்பது மாறிய எச்சில்தான். எடுத்தால் சுரப்பி மறுபடி நிரப்பிக்கொள்ளும். பிறகு பாம்பை வெளியிடத்தில் விட்டுவிடுவார்கள். விடுவதற்கு முன் அடிவயிற்றுச் செதிலில் சின்னதாக ஒரு வெட்டு. மறுபடி பிடிபட்டால் ஏற்கெனவே வந்துபோன ஆள் என்று தெரிந்துகொள்ள. திரவ நஞ்சைக் குளிரில் உறையவைத்து ஈரத்தை உறிஞ்சிப் பொடியாக்கி, மருந்து நிறுவனங்களுக்கு விற்பார்கள். கட்டுவிரியன் கொடுப்பது மிகக் கொஞ்சம் என்பதால் அதன் பொடி ஒரு கிராம் சேர வேண்டுமானால் பல பாம்புகள் வேண்டும்.

நம் உடம்புக்குள் நடப்பது

எதிர்நஞ்சு ஏன் வேண்டும் என்று புரிய, நஞ்சு நம் உடம்பில் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். மனித உடலின் பாடத்தை இதைவிடக் கடுமையாக நடத்துகிற ஆசிரியர் இல்லை.

விரலை அசைக்க மூளை நினைக்கிறது. செய்தி நரம்பில் ஓடி அதன் முனைக்கு வருகிறது. முனைக்கும் தசைக்கும் நடுவே நுண்ணிய இடைவெளி. அதைத் தாண்ட நரம்பு ஒரு வேதிப்பொருளை விடுகிறது, பெயர் அசிட்டைல்கோலின். தசையின் மேலுள்ள பூட்டில் அந்தச் சாவி நுழைந்தால் தசை சுருங்கும். நல்ல பாம்பின் நஞ்சு சாவித் துவாரத்தில் மெழுகை அடைத்ததுபோல உட்கார்ந்துகொள்ளும். சாவி வந்து வந்து திரும்பும். முதலில் கண்ணிமை சரியும். பேச்சு குழறும். கடைசியில் மூச்சிழுக்கும் உதரவிதானம் நின்றுவிடும். இதயம் துடித்துக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் செயற்கை சுவாசம் கொடுத்தால் ஆளைக் காப்பாற்றிவிடலாம்.

கட்டுவிரியன் இன்னும் தந்திரமானது. அது நரம்பின் முனையையே பாழாக்கிவிடும். சாவியே வெளியே வராது. இரவில் வீட்டுக்குள் வரும். தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலி இருக்காது, தடமும் சரியாகத் தெரியாது. விடிகாலையில் வயிற்றுவலி என்று எழுந்து உட்காருவார். பிறகு இமை சரியும். நரம்பு முனை மறுபடி வளர நாள் பிடிக்கும் என்பதால், எதிர்நஞ்சு தாமதமானால் பலன் குறைவு.

கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் இரத்தத்தைத் தாக்கும். காயம் பட்டால் இரத்தம் உறைவது பல புரதங்கள் ஒன்றையொன்று எழுப்பிவிடும் தொடர்வேலை. கண்ணாடி விரியனின் நஞ்சு அந்தத் தொடரை உடம்பெங்கும் காரணமில்லாமல் எழுப்பிவிடும். உறைவதற்கான சரக்கெல்லாம் வீணாய்ச் செலவாகி, தேவைப்படும்போது ஒன்றும் மிஞ்சாது. ஈறில் இரத்தம், சிறுநீரில் இரத்தம், பிறகு சிறுநீரகம் செயலிழப்பு. இதைக் கண்டுபிடிக்க அரசு மருத்துவமனைகளில் செய்கிற சோதனைக்கு இயந்திரமே வேண்டாம். சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி இரத்தம் எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் வைத்து, பிறகு சாய்த்துப் பார்ப்பது. உறைந்திருந்தால் நிம்மதி. தண்ணீராய் ஓடினால் உடனே எதிர்நஞ்சு.

அந்த மருந்தின் கதை வியட்நாமில் தொடங்குகிறது. 1890-களின் தொடக்கத்தில் சைகோனில் பணியாற்றிய பிரெஞ்சு மருத்துவர் ஆல்பர்ட் கால்மெட், வெள்ளத்தோடு ஊருக்குள் வந்த நாகங்கள் பலரைக் கடித்ததைப் பார்த்தார். மழைக்காலத்து முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் பார்த்த நமக்கு அது புரியாத காட்சியல்ல. விலங்கின் உடம்பில் நஞ்சைச் சிறுகச் சிறுக ஏற்றினால் அந்த உடம்பு அதற்கெதிரான புரதங்களைத் தயாரிக்கும். அதைப் பிரித்தெடுத்து மனிதனுக்குச் செலுத்தலாம் என்று காட்டினார். இன்றுவரை அதே முறைதான். குதிரைக்கு நால்வகை நஞ்சும் போகிறது. குதிரையின் இரத்தநீரிலிருந்து மருந்து வருகிறது. நம் உடம்பு தானே அந்த எதிர்ப்பொருளைத் தயாரித்துவிடாதா என்றால், தயாரிக்கும். அதற்குப் பல நாள் ஆகும். கண்ணாடி விரியன் அவ்வளவு அவகாசம் கொடுக்காது.

கணக்கு

இந்திய எதிர்நஞ்சு 1 மில்லி, நல்ல பாம்பின் நஞ்சையும் கண்ணாடி விரியனின் நஞ்சையும் தலா 0.6 மில்லிகிராம் முறிக்கும். கட்டுவிரியன், சுருட்டை விரியன் என்றால் 0.45. முதல் தவணை வழக்கமாக 10 குப்பி, குப்பிக்கு 10 மில்லி. பெருக்கிப் பார்த்தால் 60 மில்லிகிராம். கண்ணாடி விரியன் ஒரு கடியில் இறக்குவதும் சராசரியாக ஏறக்குறைய அதே அளவு. அந்த 10 குப்பிக்குப் பின்னால் குதிரை இருக்கிறது. குதிரைக்குப் பின்னால் வடநெம்மேலிப் பானை. பானைக்குப் பின்னால் வரப்பில் குனிந்து சிலந்தி வலையைப் பார்க்கிற ஒருவர்.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர், ஆண்டுக்கு 58,000 என்று 2020-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. பெரும்பாலும் வயலில் வேலை செய்பவர்கள். உலக சுகாதார அமைப்பு 2017-இல் பாம்புக்கடியைக் கவனிக்கப்படாத வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில், பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. எண்ணத் தொடங்கினால்தான் எந்த ஊருக்கு எத்தனை குப்பி என்று அனுப்ப முடியும்.

இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. நாட்டின் எதிர்நஞ்சுக்குப் போகிற நஞ்சில் பெரும்பகுதி நெடுங்காலம் இந்தச் சங்கத்திலிருந்தே போனது. அதாவது, செங்கல்பட்டுப் பாம்பின் நஞ்சு. ஒரே இனப் பாம்பானாலும் ராஜஸ்தானத்துப் பாம்பின் நஞ்சுக் கலவை வேறு மாதிரி இருக்கும். தின்னும் இரை வேறு, வாழும் மண் வேறு. அங்கே கடிபட்டவருக்கு இந்த மருந்து முழுதாய் வேலை செய்வதில்லை என்று ஆய்வுகள் சொல்கின்றன. வட்டாரத்துக்கு வட்டாரம் நஞ்செடுக்கும் நிலையங்கள் வேண்டும். அதற்குப் பாம்பு பிடிக்கத் தெரிந்தவர்களும் வேண்டும்.

பெயர் வந்த நாள்

2017-இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் ஒரு தொல்லையில் இருந்தது. வளர்ப்புக்காகக் கொண்டுவந்த பர்மிய மலைப்பாம்புகள் தப்பித்து எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தில் பெருகி, அங்கிருந்த முயலையும் ரக்கூனையும் தின்று தீர்த்துக்கொண்டிருந்தன. நாய்களை விட்டுத் தேடினார்கள், போட்டி வைத்துப் பிடித்தார்கள். பிறகு இரண்டு இருளர்களை அழைத்தார்கள். மாசி சடையன், வடிவேல் கோபால். முன்பின் பார்த்திராத நிலம், பார்த்திராத புல். முதல் இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தார்கள். ஒன்று 16 அடி நீளம். தேய்ந்த மண்ணும் எச்சமும் எந்த நாட்டிலும் ஒரே மொழியில்தான் பேசுகின்றன போலிருக்கிறது.

விட்டேக்கருக்கு 2018-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. மாசி சடையனுக்கும் வடிவேல் கோபாலுக்கும் 2023-இல் கிடைத்தது. ரஸ்ஸலின் நூலுக்கும் இதற்கும் இடையே 227 ஆண்டுகள்.

சேலையூரில் அந்தப் பழைய பண்ணையின் தடம் தேடிப் போனால் கடைகளும் அடுக்குமாடிகளும்தான் கண்ணில் படும். 2021-இல் தாம்பரம் மாநகராட்சி ஆனபிறகு அது மாநகரத்தின் ஒரு பகுதி. ஏரி சுருங்கிவிட்டது. நெல் இல்லை; ஆனால் ஓட்டல் கழிவு இருப்பதால் எலி குறையவில்லை. எலி குறையாததால் மாடம்பாக்கத்திலும் ராஜகீழ்ப்பாக்கத்திலும் மழை பெய்த இரவுகளில் குடியிருப்புச் சங்க வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வரும்: மின்மீட்டர் பெட்டிக்கு அடியில் சுருண்ட ஏதோ ஒன்று. 'விஷப் பாம்பா?' என்று கேள்வி. பெரும்பாலும் சாரையோ, தண்ணீர்ப் பாம்போ. உணவுச் சங்கிலி இன்னும் அறுபடவில்லை. வயலுக்குப் பதிலாக வாகன நிறுத்தம் நடுவில் வந்திருக்கிறது.

தோல் விற்ற காலத்தில் பாம்பு வீடு திரும்பவில்லை. சீட்டு விற்ற இடத்தில் குழிக்குள் கிடந்தது. நஞ்சு கொடுத்த பாம்பு மட்டும் அடிவயிற்றில் ஒரு வெட்டோடு வெளியே போகிறது. சில முறை சட்டை உரித்தால் அந்த அடையாளமும் ஆறிவிடும். ஆனால் அதைக் கொண்டுபோய் விடுவதற்கு இருளர் இப்போது சேலையூர் பக்கம் வருவதில்லை. வரப்பு இருக்கிற ஊரைத் தேடித் தெற்கே, இன்னும் தெற்கே போகிறார்.

*அடுத்த வாரம்: 2023 டிசம்பர் மழையில் பெருங்களத்தூர்–நெடுங்குன்றம் சாலையைக் கடந்த ஒரு முதலையும், 1976-இல் வடநெம்மேலியில் தொடங்கிய அதன் உறவினர்களின் கதையும்.*